பத்தொன்பதாம் வார்டின் வாக்கு

1

ருத்ரய்யா மாஸ்டருக்கு வரும் மாதம் அறுபது நிறைகிறது. மைசூர்த் தமிழர்கள் சிலர் சேர்ந்து அவருக்கு விழா எடுக்கிறார்கள். விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு, போன ஞாயிற்றுக்கிழமை இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"கட்சி பாக்காத மனுஷர் மேடம். உங்க வீட்டுக்காரர் உயிரையே காப்பாத்தினவர். நீங்க எழுதினாத்தான் அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்" என்றார் மூத்தவர். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். 'நடுநிலையின் மறுபெயர்.'

அந்தத் தலைப்பில் என்னால் எழுத முடியாது. என்னிடம் இருப்பது வேறு. அதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

மைசூரில் இருப்பவள் தன்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால் உங்களில் சிலர் சிரிக்கலாம். பவானியில் காலையில் பஸ் ஏறினால் மேட்டூர், பாலாறு, கொள்ளேகால் என்று வந்து பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். பாலாற்று செக்போஸ்ட் தாண்டியதும் பெயர்ப் பலகையில் எழுத்து மாறும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் பத்து வருஷம் நினைத்திருந்தேன். தொண்ணூற்றொன்று டிசம்பரில் அதே பாதையில் ஜனங்கள் எதிர்த் திசையில் ஓடினார்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, சிலர் ஒன்றுமே எடுக்காமல். அது எல்லைக்கோடு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். என் கணவர் சண்முகத்தின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் ரயில்வே வேலைக்கு மைசூர் வந்துவிட்டது. அவர் பணிமனையில் ஃபிட்டர். நான் கன்னடம் எழுதப் படிக்கக் கற்று, தேர்வு எழுதித் தேறி, மைசூரின் ஓரத்தில் நகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன நகரசபையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இருபத்து மூன்று வார்டு, இருபத்து மூன்று உறுப்பினர்கள். கூட்டம் நடக்கும்போது ஓரத்து மேசையில் உட்கார்ந்து யார் என்ன பேசினார்கள், எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. ஆதரிப்பவர் 'பர' என்பார். எதிர்ப்பவர் 'விரோத' என்பார். ஒன்றாம் வார்டில் தொடங்கி வரிசையாகப் பெயர் கூப்பிடுவார்கள்.

ருத்ரய்யா மாஸ்டர் பத்தொன்பதாம் வார்டு. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டு அரசியலுக்கு வந்தவர். ஆளும் கட்சி உறுப்பினராக இருந்துகொண்டே அந்தக் கட்சியைச் சபையில் கிழிப்பார். சொந்தத் தலைவரை முகத்துக்கு நேரே "பொய் சொல்கிறீர்கள்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். பத்திரிகைக்காரர்கள் அவர் பேசும் நாளில் மட்டும் வருவார்கள். அவர் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாதவர் என்று ஊர் முழுக்கப் பேர்.

2

காவிரித் தீர்ப்பையொட்டிக் கலவரம் தொடங்கி மூன்றாம் நாள், காலை பதினோரு மணி. பள்ளிகள் மூடியிருந்தன. என் மகள் கவிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

முதலில் தெருமுனையில் கண்ணாடி நொறுங்கும் சத்தம். பிறகு எங்கள் வாசல் கதவில் உதை. தாழ்ப்பாள் மூன்றாவது உதையில் பிய்ந்து வந்தது. நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். முன்னால் இருந்தவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவன் எங்கள் ஆபீசில் வீட்டு வரி ரசீது வாங்க வருபவன்.

"தமிழரா?" என்று கேட்டான்.

கவிதா எழுந்து நின்று கன்னடத்தில் சொன்னாள். "நாவு இல்லினோரே." நாங்கள் இங்கேயுள்ளவர்கள்தான். அவள் உச்சரிப்பில் குறையே இல்லை. அவன் ஒரு நொடி தயங்கினான். பின்னால் நின்றவன் சுவரில் தொங்கிய தமிழ்க் காலண்டரைக் கிழித்து அவள் முகத்தின் மேல் எறிந்தான்.

சண்முகத்தைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சைக்கிள் செயினால் முதுகில் அடித்தார்கள். சட்டை கிழிந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் குறுக்கே விழுந்தேன். யாரோ என் வயிற்றில் மிதித்ததில் மூச்சு நின்றுபோனது. அவருடைய வலது கையை வாசற்படியில் நீட்டிப் பிடித்து, நடைபாதைக் கல் ஒன்றைத் தூக்கி விரல்கள் மேல் போட்டார்கள். ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. எலும்பு உடையும் சத்தம் அத்தனை சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் "அம்மா" என்றார். அது இரண்டு மொழிக்கும் பொதுவான சொல். அதற்கும் உதைத்தார்கள்.

மூன்றாவது முறை கல்லைத் தூக்கியபோது ருத்ரய்யா மாஸ்டரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சொன்னார். "ஈ மனெ பேட. முந்தெ ஹோக்ரி."

கல்லைத் தூக்கியவன் அதைக் கீழே வைத்தான். போட்டதுகூட இல்லை, வைத்தான். கூட்டம் அப்படியே திரும்பி நடந்தது.

மாஸ்டர் தன் தோளில் இருந்த துண்டால் சண்முகத்தின் கையைச் சுற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வேனை ஏற்பாடு செய்து, தானே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பக்கத்து வீட்டு கமலம்மா கவிதாவைத் தன் பிள்ளைகளோடு பத்து நாள் வைத்துக்கொண்டார். சண்முகத்துக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. உயிர் மிஞ்சியது. அதற்காக நான் மாஸ்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அவர் சொன்ன வாக்கியத்தில் பாதிதான் அன்று என் காதில் விழுந்தது. இந்த வீடு வேண்டாம். மறுபாதியை, 'முன்னால் போங்கள்' என்றதை, நான் யோசித்துப் பார்க்க ஐந்து வருஷம் ஆயிற்று. எங்கள் தெருவுக்கு முன்னால் இருந்தது சந்தைச் சாலை. அங்கே வரிசையாக இருபத்திரண்டு பெட்டிக்கடைகள். எல்லாம் கொள்ளேகாலை அடுத்த ஹனூர், ராமாபுரம் பக்கத்துத் தமிழர்களுடையவை. வேன் அந்த வழியாகப் போனபோது எல்லாக் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. ராமாபுரத்து மாரப்பன் உள்ளே மாட்டிக்கொண்டு, தகரத்தை முதுகால் முட்டித் தள்ளி வெளியே வந்ததை நான் வேனுக்குள்ளிருந்து பார்த்தேன். அவர் முதுகில் நெருப்பு இருந்தது.

3

மாரப்பன் பிழைத்துக்கொண்டார். வெந்த முதுகோடு இரண்டே வாரத்தில் திரும்பி வந்து, கரிந்த தகரத்தையே நிமிர்த்தி வெங்காயமும் பூண்டும் விற்க உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஆளும் கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சந்தைச் சாலைக் கடைகள் பொது அமைதிக்கு இடைஞ்சல், அவற்றை அகற்ற வேண்டும். ஏழாம் வார்டு உறுப்பினர் எழுந்து, "எரிச்சதோட விட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார், பேசியபடியே வாக்களிப்பார். அவரைப் பார்த்தால் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ருத்ரய்யா மாஸ்டர் முக்கால் மணி நேரம் எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சு முழுவதையும் நான்தான் எழுதினேன். "அடி வாங்கினவனையே குற்றவாளி ஆக்குகிறீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்" என்றார். அவர் குரல் உடைந்தது. நான் எழுதிக்கொண்டே அழுதேன்.

பிறகு பெயர் கூப்பிட்டார்கள். பதினெட்டாம் வார்டு வரை ஒன்பது பர, ஒன்பது விரோத. மீதமிருந்த ஐந்து பேரில் இருவர் ஆளும் கட்சி, இருவர் எதிர்க்கட்சி, நடுவில் மாஸ்டர். எதிர்க்கட்சிக்காரர்கள் யாரும் தமிழர் இல்லை. சந்தைச் சாலைக்காரர்கள் அவர்களுடைய வாக்காளர்கள், அதனால் எதிர்த்தார்கள்.

பத்தொன்பது என்று கூப்பிட்டார்கள். மாஸ்டர் மேசையைப் பார்த்தபடி, "பர" என்றார்.

பன்னிரண்டுக்குப் பதினொன்று. தீர்மானம் நிறைவேறியது. அவருக்கு ஏதோ நெருக்கடி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அகற்றும் உத்தரவை அன்றே டைப் அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கடப்பாரையோடும் புல்டோசரோடும் வந்தார்கள். மாரப்பன் கடையை விட்டு இறங்கவில்லை. காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு, ஆறாத முதுகிலேயே கடப்பாரைப் பிடியால் அடித்தார்கள். அவர் மனைவி பாப்பாத்தி ஒருவன் கையைக் கடித்துத் தொங்கினாள். அவளைத் தகரக் குவியலில் தூக்கி எறிந்தார்கள். இடது காதோடு சேர்த்துக் கன்னம் கிழிந்தது. மாரப்பன் தலையில் விழுந்த அடி எவனுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இறந்தார். போலீஸ் தன் குறிப்பில் கூரையிலிருந்து தவறி விழுந்தார் என்று எழுதியது. அந்தக் கடையின் கூரை என் தோள் உயரம்.

4

நான்கு வருஷம் கழித்துத் தொண்ணூற்றாறில் பாப்பாத்தி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ராமாபுரத்துக்கே போய்க் கூலி வேலை செய்துகொண்டிருந்தவள், ஒரு வக்கீல் உதவியோடு மைசூர் கோர்ட்டில் தனிப் புகார் போட்டிருந்தாள். ஒப்பந்தக்காரர், தான் அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்றார். நகரசபை, அப்படி ஒரு உத்தரவே போகவில்லை, யாரோ செய்திருக்கிறார்கள் என்று பதில் கொடுத்திருந்தது.

"தீர்மானத்துக்கு ஒரு நகல் வேணுமுங்க அக்கா. அது இருந்தாத்தான் கேசு நிக்குமாம்" என்றாள். இடது காது கேட்காததால் தலையைச் சாய்த்தபடியே பேசினாள்.

"மனு எழுதிக் குடு பாப்பாத்தி. எட்டு நாள்ல வாங்கிக்கலாம்" என்றேன்.

எட்டு நாள் எட்டு வாரமாயிற்று. மனு கன்னடத்தில் இல்லை என்று ஒருமுறை திரும்பியது. கைநாட்டுக்குச் சாட்சி இல்லை என்று ஒருமுறை. நான் எழுதிக் கொடுத்த கன்னட மனுவில் மாரப்பனின் பெயரைத் தமிழ் வழக்கப்படி ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டேன் என்று ஒருமுறை. இத்தனை வருஷமாகக் கன்னடம் எழுதுகிறேன், இன்னும் என் கை அந்த இடத்தில் சறுக்கும். ஒவ்வொரு முறையும் அவள் ராமாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

கடைசியில் சீஃப் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "தீர்மானத்தை மட்டும் டைப் பண்ணிக் கொடுங்க. யார் பர, யார் விரோதன்னு பேர் வேண்டாம்" என்றார்.

அந்தப் பக்கத்தை எடுக்கப் பழைய புத்தகத்தைப் பிரித்தேன். பத்தொன்பது, பர. என் கையெழுத்து. அன்று மத்தியானம் சாப்பிடாமல் மாஸ்டர் உறுப்பினரான நாளிலிருந்து எல்லாப் பக்கங்களையும் புரட்டினேன். அவர் கட்சிக்கு எதிராக வாக்களித்தது நான்கு முறை. பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர் வைத்தது, சிலை இடம், கசாப்புக் கடை மாற்றம், தலைவர் மேல் ஒரு கண்டனம். நான்கிலும் அவர் பெயர் வருவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. அவருடைய வாக்கு எதையும் மாற்றாது. ஒரே வாக்கில் தொங்கிய தீர்மானங்கள் ஐந்து. ஐந்திலும் முதலில் எதிர்த்துப் பேசியிருக்கிறார், பிறகு 'பர' என்றிருக்கிறார்.

பெயர் கூப்பிடும்போது அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஜபம் செய்கிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை இருபத்து மூன்று பெயர்களோடும் முழுதாக டைப் அடித்தேன். உண்மை நகல் என்று சான்றளிக்கும் அதிகாரம் பதிவுப் பிரிவில் எனக்கும் உண்டு. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பாப்பாத்தி கையில் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது கவிதாதான் முதலில் கோபித்தாள். அவளுக்கு அப்போது பதினாலு வயது. அந்த டிசம்பருக்குப் பிறகு அவள் தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டதில்லை. "பேடம்மா. சும்மா ஏன் ஜகள? மேஷ்ட்ரு இல்லேன்னா அப்பா இரல்ல, அல்வா?" என்றாள். வேண்டாம், சும்மா ஏன் சண்டை, மாஸ்டர் இல்லையென்றால் அப்பா இருந்திருக்க மாட்டார் இல்லையா என்று கேட்கிறாள்.

சண்முகம் மூன்று விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மாரப்பன் இருந்திருப்பானே" என்றார்.

5

மேலதிகாரி உத்தரவை மீறியதற்காக என்னைத் தற்காலிகமாக நீக்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"சரோஜம்மா, எனக்கு உன் மேல் கோபமில்லை" என்றார். "ஆனால் ஒன்று யோசி. நான் அன்று விரோத என்று சொல்லியிருந்தால் கட்சியில் இருந்திருக்க மாட்டேன். கட்சியில் இல்லாதவன் சொன்னால் அந்தப் பையன்கள் உன் வாசலிலிருந்து போயிருப்பார்களா?"

"அது தெரியும் சார்" என்றேன். "அவங்க உங்க பேச்சைக் கேட்பாங்க. அதனாலதான் கேக்கறேன். வீட்டுக்குப் போங்கன்னு ஏன் சொல்லலை? முன்னால போங்கன்னு சொன்னீங்க."

அவர் முகம் சிவந்து கறுத்தது. "ஐம்பது பேர் ரத்தம் பார்த்துவிட்டு நிற்கிறார்கள். அவர்களை ஒரு வீட்டிலிருந்து திருப்பலாம். ஊரிலிருந்தே திருப்ப முடியாது."

"முயற்சி பண்ணினீங்களா சார்?"

அவர் எழுந்துவிட்டார். காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் பெயர் கூப்பிட்டார்கள். என்னைப் பற்றிய தீர்மானத்தையும் நானே எழுத வேண்டியிருந்தது, வேறு ஆள் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரர் வேண்டியவர் ஆகியிருந்தார். பதினெட்டு வரை எல்லாரும் பர. மாஸ்டர் எழுந்து, ஒரு ஏழைப் பெண்ணுக்கு உண்மையைக் கொடுத்தவளைத் தண்டிக்கிறீர்கள் என்று உருக்கமாகப் பேசி, "விரோத" என்றார். இருபத்திரண்டுக்கு ஒன்று. எழுதினேன். கன்னடப் பத்திரிகை ஒன்று மறுநாள் அவர் படத்தோடு போட்டது, தமிழ்ப் பெண்ணுக்காகத் தனித்து நின்றவர் என்று. விழா எடுப்பவர்கள் அந்தச் செய்தியைத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த வாக்குக்கு நான் நன்றி சொல்லவில்லை. அது பொய்யென்றும் சொல்ல மாட்டேன். ஸ்கூட்டரை நிறுத்தியதும், துண்டால் கையைச் சுற்றியதும் உண்மைதான். அவர் கெட்டவர் என்று எழுத நான் உட்காரவில்லை. அவருடைய இரக்கம் எந்த நாளில் வேலை செய்தது, எந்த நாளில் செய்யவில்லை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏழு மாதம் கழித்து என்னைத் திரும்ப எடுத்துக் குடிநீர்ப் பிரிவில் போட்டார்கள். இப்போது கூட்டங்களுக்கு நான் போவதில்லை.

6

நகலைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. நகரசபை தன் பதிலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒப்பந்தக்காரர் மேலும் அவருடைய ஆட்கள் இருவர் மேலும் குற்றம் பதிவாகி விசாரணை நடக்கிறது. தீர்மானம் நடந்தது உண்மையா என்று சாட்சி சொல்ல, போன மாதம் ருத்ரய்யா மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பாப்பாத்தி எனக்கு இடப்புறம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்துத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

வக்கீல் நகலைக் காட்டிக் கேட்டார். "இந்தத் தீர்மானத்துக்கு நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா?"

"நான் எதிர்த்துப் பேசினேன்" என்றார் மாஸ்டர்.

"பேசியதைக் கேட்கவில்லை. வாக்கைக் கேட்கிறேன்."

"முக்கால் மணி நேரம் எதிர்த்துப் பேசினேன். புத்தகத்தில் இருக்கிறது."

நீதிபதி நிமிர்ந்தார். "பரவா, விரோதவா? ஒரு சொல்லில் சொல்லுங்கள்."

மாஸ்டர் கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றார். கட்டைவிரல் அசையவில்லை, எண்ணுவதற்கு அங்கே வேறு வாக்கு இல்லை. வாய்க்குள்ளேயே சொன்னார். எங்கள் முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். டைப்பிஸ்ட் அதை அடித்தார்.

பாப்பாத்தி என் முழங்கையைப் பிடித்தாள். "என்னங்கக்கா சொன்னாரு?"

"'பர'ன்னு சொன்னேன்னு ஒத்துக்கிட்டாரு."

அவள் தலைப்பை விலக்கி, நல்ல காதைக் கூண்டின் பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்து நின்றாள். டவாலி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"எனக்குக் கேக்கலீங்க சாமி" என்றாள் நீதிபதியைப் பார்த்து. "இன்னொருக்காச் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."